வியாழக்கிழமை நீ தனியாகப் போ

பவானி,

இது உன் நைனாதான் எழுதுகிறேன். வீட்டில் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடவில்லை, முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். நான் காகிதத்தில் எழுதி நீ பார்த்ததெல்லாம் பள்ளிக்கூடத்து லீவ் லெட்டர்தான். அதிலும் ஒருமுறை உன் காய்ச்சலை இரண்டு பக்கத்துக்கு வர்ணித்திருந்ததைப் படித்துவிட்டு டீச்சர் சிரித்ததாக வந்து சொன்னாய். பிளஸ் டூவில் கோட்டைவிட்டவன் பேனாவை எடுத்தால் அப்படித்தான் ஆகும், பொறுத்துக்கொள். போனில் சொல்லிவிடலாம் என்று நாலு நாளாகப் பார்க்கிறேன். நேற்றுக்கூட உன்னைக் கூப்பிட்டு, வடபழனியில் மழையா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். இங்கே மயிலாப்பூரில் வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. உன்னிடம் போனில் பேசினால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். நான் பேசிக்கொண்டே போவேன், நீ நடுநடுவே "சரி நைனா, சரி நைனா" என்பாய், நான் சொல்ல வந்ததைச் சொல்லாமலே மனசு நிறைந்து வைத்துவிடுவேன். காகிதத்தில் அந்த வசதி உனக்குக் கிடையாது. நான் முடிக்கிறவரை நீ குறுக்கே சரி சொல்ல முடியாது. அதற்காகத்தான் இந்தப் பாடு.

நாளை வியாழக்கிழமை காலை பத்தரைக்கு அடையாறு ஆஸ்பத்திரியில் அந்தக் கவுன்சலர் அம்மா உன்னைத் தனியாக வரச்சொல்லியிருக்கிறார். உன் அண்ணன் முரளியும் நித்யாவும் பெற்றுக்கொள்ளப்போகிற பிள்ளையை உன் வயிற்றில் சுமக்க உனக்கு நிஜமாகவே சம்மதமா என்று கேட்கப்போகிறார். நீ அந்த நாற்காலியில் உட்காருவதற்கு முன்னால் நான் சில விஷயங்களை உன்னிடம் ஒத்துக்கொள்ள வேண்டும். அதில் ஒன்று, உன் உயிர் சம்பந்தப்பட்ட பொய். அதைச் சொல்ல எனக்கு இன்னும் கொஞ்சம் தைரியம் வேண்டும், எழுதிக்கொண்டே வருகிறேன்.

பாலவாக்கத்தில் முரளி வீட்டில் நடந்த அந்த ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டிலிருந்து ஆரம்பிக்கிறேன். போன வருஷம் நித்யாவுக்கு ஒன்பதாம் மாதத்தில் பிள்ளை போனதும், ரத்தம் நிற்காமல் அவள் கர்ப்பப்பையையே எடுத்ததும், அதற்குப் பிறகு அந்த வீட்டில் டிவிகூடச் சத்தமாக ஓடாததும் உனக்குத் தெரியும். அன்றைக்கு முரளி புதிதாக ஒரு சேதி வைத்திருந்தான். அவளுடைய கருமுட்டையையும் அவனுடைய உயிரணுவையும் சேர்த்து மூன்று கருக்கள் உருவாகியிருக்கின்றன, உறையவைத்துப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள், சுமக்க ஒரு வயிறுதான் வேண்டும் என்றான். ஆனால் அதற்குச் சட்டம் இருக்கிறது, பணம் கொடுத்து யாரையும் அமர்த்த முடியாது, மனசார முன்வர வேண்டும், கல்யாணமாகியிருக்க வேண்டும், தனக்கென்று ஒரு பிள்ளை இருக்க வேண்டும், இருபத்தைந்திலிருந்து முப்பத்தைந்து வயதுக்குள் இருக்க வேண்டும், ஒரு பெண் வாழ்க்கையில் ஒரே முறைதான் இப்படிச் சுமக்கலாம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னான். அவன் சொல்லச் சொல்ல எனக்கு என்ன ஆயிற்று தெரியுமா? கடையில் கஸ்டமர் கலர் சொல்லி, பார்டர் சொல்லி, விலை சொல்லும்போது என் கை தானாக ஒரு அடுக்குக்குப் போகுமே, அப்படிப் போயிற்று. நீ ரசப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு சமையலறையிலிருந்து வந்துகொண்டிருந்தாய். "இவ்ளோ பொருத்தமான ஆளை ஊரெல்லாம் தேடினாலும் கெடைக்காதுடா. நம்ம பவானி கீறாளே, அப்புறம் இன்னா?" என்றேன். நீ பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாய். பிறகு நித்யாவைப் பார்த்தாய். "சரி நைனா" என்றாய். நித்யா உன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். உன் அம்மாவும் அழுதாள். மாப்பிள்ளை தேவா தன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே உன்னைத் தவிர ஐந்து பெரியவர்கள் இருந்தோம். ஒருத்தர்கூட உன்னைத் திரும்பக் கேட்கவில்லை.

முப்பத்துநாலு வருஷமாக உஸ்மான் ரோட்டில் புடவை விரித்துக் காட்டுகிறவன் நான். படிப்பு ஏறவில்லையே தவிர, பெண்கள் சொல்லும் "சரி"யைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். அதில் இரண்டு விதம் இருக்கிறது. புடவை பிடித்துப்போனவள் அதை என் கையிலிருந்து வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு கண்ணாடிப் பக்கம் போய்விடுவாள், சரி என்று வாயால் சொல்லக்கூட மாட்டாள். இன்னொருத்தி இருப்பாள். மாமியார் தேர்ந்தெடுத்திருப்பார், நாத்தனார் தலையாட்டியிருப்பார், வெளியே ஆட்டோ காத்திருக்கும், குழந்தை சிணுங்கும். அவள் புடவையை விட்டுவிட்டுச் "சரி" என்பாள். கை மேஜை மேலே காலியாக இருக்கும். அந்தச் சரி வந்ததும் நாங்கள் என்ன செய்வோம் என்று உனக்குச் சொன்னதில்லை. உடனே மடித்து பில்லுக்கு அனுப்பிவிடுவோம். ஆறவிட்டால் கலைந்துவிடும் என்று நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே முதலாளி அண்ணாச்சி சொல்லிக்கொடுத்தார். பாலவாக்கத்தில் நீ சரி என்றதும் நான் முரளியைப் பார்த்து, "டாக்டருக்கு இப்பவே போனைப் போடுடா" என்றேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எந்த டாக்டர் எடுப்பார்? ஆனாலும் சொன்னேன். சொந்த மகளிடம் வியாபாரத்தைக் காட்டிவிட்டேன் என்பது, பஸ் சாந்தோம் தாண்டும்போதுதான் உறைத்தது. அதற்குப் பிறகும் இரண்டு மாதம் சும்மாதான் இருந்தேன்.

இது முதல் தடவையாக இருந்தால் புத்தி பிசகிப்போச்சு என்று சொல்லித் தப்பித்துக்கொள்வேன். முரளி பிளஸ் டூ எழுதிய வருஷம் ஞாபகம் இருக்கிறதா? நம் வீடு ஒற்றை அறை. அவனுக்கு ராத்திரி விளக்கு எரிய வேண்டும், உனக்குத் தூக்கம் வேண்டும். அசோக் நகரிலிருந்து உன் அத்தை வந்திருந்தாள். அவள் எதிரிலேயே நான், "பவானி சமத்து, அஞ்சு மாசம் அத்தை வீட்டுல இருந்துக்குவா, இல்லம்மா?" என்று கேட்டேன். பதிலையும் சேர்த்தே சொல்லிவிட்டுக் கேட்கிற கேள்வி. உனக்குப் பதினாலு வயசு. இரண்டு பஸ் மாறிப் பள்ளிக்கூடம் போனாய். ஐந்து மாதம் கழித்து நீ திரும்பி வந்தபோது, நம் வீட்டுத் தண்ணீர்ப் பானையில் மொண்டு குடிப்பதற்குக்கூட, எடுத்துக்கட்டுமா என்று அம்மாவைக் கேட்டாய். உன் அம்மா பின்பக்கம் போய்விட்டாள். நான், பாரு என் மகளுக்கு எவ்வளவு மரியாதை தெரிகிறது என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் பெருமை பேசினேன். என்னைப் போன்ற முட்டாள்கள் நிம்மதியாக இருப்பதன் ரகசியம் இதுதான், எல்லாவற்றையும் நல்ல சேதியாகவே கேட்டுக்கொள்வோம்.

உன் முகூர்த்தப் புடவையையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் கடைதான், எங்கள் கவுண்டர்தான். மாப்பிள்ளை வீட்டார் ஒன்பது பேர், நம் ஆட்கள் ஆறு பேர், அண்ணாச்சியே இறங்கி வந்து நின்றார். நீ ஒரு பாசிப்பச்சையைத் தொட்டுத் தொட்டு வைத்துக்கொண்டிருந்தாய். நான் பார்த்தேன். பார்க்காமல் என்ன, அதுதானே என் தொழில்? ஆனால் அத்தனை பேர் முன்னால் என் மகள் மங்கலான கலரை எடுத்துவிட்டாளே என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்று பயந்து, அரக்குக் கலரை எடுத்து உன் தோளில் போட்டு, "இதுதான் எடுப்பா கீது" என்றேன். முப்பத்துநாலு வருஷத்தில் நான் செய்த மிகச் சுலபமான வியாபாரம் அது. அந்த அரக்குப் புடவையை நீ கல்யாணத்தன்று கட்டியதோடு சரி. உன் மகள் யாழினி காதுகுத்துக்குக்கூட எடுக்கவில்லை.

இனி ஆஸ்பத்திரிக் கதை. போன வெள்ளிக்கிழமை எல்லோரும் போனோமே, அங்கே நான் செய்தது உனக்குத் தெரியும், நீ பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாய். ஆனால் என் வாயால் ஒருமுறை சொன்னால்தான் எனக்கு ஆறும். அந்த அம்மா உன்னைப் பார்த்து ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டார், நான் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன். உன் வயசு, உன் வேலை, நீ காலையில் எத்தனை மணிக்கு எழுந்திருப்பாய், எல்லாம். கடைசியில் அவர், "ஐயா, இந்த ஃபார்ம் உங்க பேர்ல இல்லையே, அவங்க பேசட்டுமே" என்றார். எல்லோரும் சிரித்தோம். அதோடு நிறுத்தியிருக்கலாம். பிறகு அவர், இதற்காக பவானிக்குப் பணமோ பொருளோ யாராவது கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்களா என்று கேட்டபோது, நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "பணம்லாம் இல்லம்மா, ஆனா அவ அண்ணன் ரெண்டு கைக்கும் தங்க வளையல் போடுவான். கூடப் பொறந்தவளுக்குச் சீர் செய்யாம இருப்பானா? சும்மாவா சொமப்பா?" என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். சுமப்பதற்கு ஈடாக எதைக் கொடுத்தாலும், அதற்கு நாங்கள் என்ன பெயர் வைத்தாலும் அது குற்றம், வைத்தியச் செலவையும் உன் பேரில் எடுக்கிற இன்ஷூரன்ஸையும் தவிர வேறு எதுவும் கைமாறக் கூடாது என்று மெதுவாக விளக்கினார். முரளியின் முகம் வெளுத்துவிட்டது. வளைகாப்புக்கு அண்ணன் வளையல் போடுவதைத்தான் சொன்னேன் என்று நான் உளறினேன். அந்த வளைகாப்பு உனக்கா நித்யாவுக்கா என்பதே எனக்குத் தெரியாது. அப்போதுதான் அவர் உன்னை நேராகப் பார்த்து, உனக்கு என்ன தோன்றுகிறது என்று கேட்டார். "நைனா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாய். அவர் ஏதோ எழுதிக்கொண்டு, அடுத்த முறை நீ மட்டும் வந்தால் போதும் என்றார்.

அந்த உளறலைவிடப் பெரியது ஒன்று இருக்கிறது. முதல் பிரசவத்தில் ஏதாவது சிக்கல் இருந்ததா என்று அவர் கேட்டபோது, "ஆபரேஷன்தாம்மா, மத்தபடி ஒரு பிரச்சினையும் இல்ல" என்று நான் சொன்னேன். பழைய டிஸ்சார்ஜ் ஃபைல் இருக்கிறதா என்றதற்கு, வீடு மாற்றியதில் எங்கேயோ போய்விட்டது என்றேன். நீ திரும்பி என்னைப் பார்த்தாய். பவானி, நாம் வீடே மாற்றவில்லை. தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் என்று ஏழாம் மாதம் உன்னை அழைத்துவந்தோம், அதனால் அந்த ஃபைல் நம் பீரோவில்தான் இத்தனை வருஷமாக இருக்கிறது. எட்டாம் மாதக் கடைசியில் உன் கால் வீங்கியது, தலைவலியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாய், எதிரில் நிற்கிற நான் மங்கலாகத் தெரிகிறேன் என்றாய். நான், வெயிலுக்கு அப்படித்தான் இருக்கும், மோர் குடி என்றேன். உன் அம்மா என்னைத் திட்டிக்கொண்டே ஆட்டோ பிடித்தாள். ஆஸ்பத்திரியில் பிரஷரைப் பார்த்த நர்ஸ் ஓடினார். அன்றைக்கே வயிற்றைக் கிழித்து யாழினியை எடுத்து, உன்னை இரண்டு நாள் ஐ.சி.யு.வில் வைத்திருந்தார்கள். வலிப்பு வந்திருந்தால் எங்களால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று வெளியே வந்து டாக்டர் என்னிடம்தான் சொன்னார். அவ்வளவும் தெரிந்தவன், வெள்ளிக்கிழமை, ஒரு பிரச்சினையும் இல்லை என்று சொன்னேன். துவைத்தால் சாயம் போகும் என்று தெரிந்தே, போகாதும்மா, தைரியமா எடுத்துக்கோ என்று சொல்வோமே, அந்தக் குரலிலேயே சொன்னேன். நித்யா எதிரில் உட்கார்ந்திருந்தாள். அவள் முகத்தில் ரொம்ப நாள் கழித்து ஒரு வெளிச்சம் வந்திருந்தது, அதை அணைக்கிறவன் நானாக இருக்கக் கூடாது என்று நினைத்தேன். அதற்கு நான் வைத்த பணயம் நீ.

வீட்டுக்கு வந்ததிலிருந்து உன் அம்மா என்னிடம் சரியாகப் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை பேசினாள், அது பேசாமல் இருந்ததைவிட மோசம். "பையன் பொறந்தா அவன் யாழினிக்கு மாமன் புள்ள, முறை மாப்பிள்ளை. இவ இருந்த வயித்துலயே அவனும் இருந்துட்டு வந்தா, அப்புறம் முறையாவது ஒண்ணாவது? அண்ணன் தம்பியாயா அவன்? சொமந்தவளை அத்தைன்னு கூப்புடுவானா, அம்மான்னு கூப்புடுவானா? இதெல்லாம் யோசிச்சியாயா நீ, வாயைத் தொறக்கறதுக்கு முன்னாடி?" என்று கேட்டாள். யோசிக்கவில்லை என்றேன். அவளுக்கு இன்னொரு கவலையும் இருக்கிறது. பிள்ளையை அவர்கள் கையில் கொடுத்துவிட்டு வந்த பிறகும் உனக்குப் பால் ஊறும், அதற்கு என்ன செய்வது என்று டாக்டரைக் கேட்கச்சொன்னாள். இதை அப்பன் எழுதலாமா என்று தெரியவில்லை, எழுதிவிட்டேன். அன்றைக்கே சாயங்காலம், நம் வீட்டுக்கு வந்திருந்த யாழினி என்னோடு லஸ் வரைக்கும் நடந்து வந்தாள். நாம் யாருமே அவளிடம் எதுவும் சொல்லவில்லை, ஆனால் நான் போனில் மெதுவாகப் பேசுகிற ஆளா? "தாத்தா, அம்மா ஒரு பாப்பா பெத்து மாமாவுக்குக் குடுக்கப் போறாங்களா?" என்றாள். ஆமாம் என்றேன். கொஞ்ச தூரம் நடந்து வந்துவிட்டு, "என்னையும் யாராச்சும் கேட்டா குடுத்துடுவாங்களா?" என்று கேட்டாள். அந்த நிமிஷம் மிளகாய் பஜ்ஜிதான் வாங்கிக் கொடுத்தேன். நீ அவளிடம் பேசு. நாளைக்குப் போவதற்கு முன்னால் முடிந்தால் பேசு.

திங்கட்கிழமை கடையில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு நான் மட்டும் அடையாறுக்குப் போனேன். வெள்ளிக்கிழமை பொய் சொன்னேன் என்று அந்த அம்மாவிடம் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை. உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். பிரஷர் விஷயத்தை எழுதிக்கொண்டு, "ஆனா இதை பவானி வாயால சொல்லணும். அது அவங்க உடம்பு" என்றார். அந்தப் பழைய பிரச்சினை இரட்டிப்பாகத் திரும்பி வருமா, வராமலே போகுமா என்பதை டாக்டர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும், மறைத்தால் அவர்களாலும் பார்க்க முடியாது என்றார். பிறகு ஒரு விஷயம் சொன்னார், அதை அவர் சொன்னபடியே எழுதுகிறேன்: "வியாழக்கிழமை அவங்க என்ன பேசினாலும் உங்ககிட்ட சொல்ல மாட்டேன். உங்க பையன்கிட்டயும் சொல்ல மாட்டேன். அவங்களுக்கு மனசு இல்லன்னா, 'பொருத்தமில்லை'ன்னு ஒரு வரிதான் எங்ககிட்டருந்து வரும். காரணம் யாருக்கும் போகாது." உன் அம்மாவின் முறைக் கேள்வியையும் கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். சட்டம், பிள்ளை முரளிக்கும் நித்யாவுக்கும் உரியது என்று மாஜிஸ்திரேட் உத்தரவோடு முன்கூட்டியே எழுதிவிடுமாம். யாழினி அவனை என்ன சொல்லிக் கூப்பிட வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லையாம், அதை நாங்களே வீட்டில் பேசிக்கொள்ள வேண்டுமாம்.

அவர் கொடுத்த தமிழ்த் தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். நான் விரல் வைத்து மூன்று தடவை படித்தேன், எனக்கே புரிகிறதென்றால் உனக்கு நிச்சயம் புரியும். கருவை உன் வயிற்றில் வைக்கும்வரை எந்த நிமிஷத்திலும் நீ வேண்டாம் என்று சொல்லலாம் என்று அதில் இருக்கிறது. கையெழுத்துப் போட்ட பிறகும் சொல்லலாம். ஆபரேஷன் அறை வாசலில் பச்சை அங்கி போட்டுக்கொண்டு நிற்கும்போதுகூடச் சொல்லலாம். வைத்த பிறகு, கலைத்துவிடு என்று யாரும் உன்னைக் கட்டாயப்படுத்த முடியாது, உன் கையெழுத்து இல்லாமல் முடியாது. பிறக்கிற பிள்ளை எப்படிப் பிறந்தாலும் முரளியும் நித்யாவும் வேண்டாம் என்று விட்டுவிட முடியாது. இதையெல்லாம் படித்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. உன் முகத்தையே பார்த்திராத யாரோ எங்கேயோ உட்கார்ந்து, இந்தப் பெண்ணை அவள் வீட்டு ஆட்களே நெருக்குவார்கள் என்று முன்கூட்டியே யோசித்து எழுதியிருக்கிறார்கள். வீட்டு ஆள் என்று அவர்கள் எழுதியது என்னைத்தான்.

அந்த ஒருவரிப் 'பொருத்தமில்லை'யைக் கேட்டதும் எனக்கு ஆசை வந்தது, மறைக்கவில்லை. நீ அந்த வழியாக வந்துவிட்டால் யார் முகமும் வாடாது, யாரும் யாரையும் குற்றம் சொல்ல மாட்டார்கள், நானும் ஒன்றும் தெரியாதவன்போல இருந்துகொள்ளலாம். பஸ்ஸில் மந்தைவெளி வரைக்கும் அந்த நினைப்பிலேயே வந்தேன். பிறகுதான், அந்த ஒரு வரியை வாழ்நாள் முழுக்க நீ மட்டும் மூடி வைத்திருக்க வேண்டியிருக்குமே, நித்யாவைப் பார்க்கும்போதெல்லாம் உனக்கு உள்ளே உறுத்துமே என்று தோன்றியது. அந்த வழி திறந்துதான் இருக்கிறது, வேண்டுமானால் நீ பயன்படுத்திக்கொள். ஆனால் என் பொய்க்கு நீ இன்னொரு மறைப்பு தேடவேண்டிய அவசியம் இருக்கக் கூடாது என்று நேற்றுச் சாயங்காலம் பாலவாக்கத்துக்குப் போனேன்.

முரளியிடமும் நித்யாவிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். உன்னைக் கேட்காமல் உன்னைக் கொடுத்ததையும், பிரஷரை மறைத்ததையும், ஃபைல் என் பீரோவில் இருப்பதையும். "அவ செத்துப் போயிருந்தா எனக்குப் புள்ள எதுக்கு நைனா?" என்று மட்டும் கேட்டுவிட்டு முரளி எழுந்து மொட்டைமாடிக்குப் போய்விட்டான். அவன் என்னிடம் இன்னும் சில நாளைக்குப் பேசாமல் இருந்தால் நான் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டேன். நித்யா எழுந்து போகவில்லை. மடியில் துண்டை வைத்து மடித்துக்கொண்டும் பிரித்துக்கொண்டும் இருந்தாள். "மாமா, அன்னைக்கு பவானி சரின்னு சொன்னப்போ அவ முகத்தை நானும் பார்த்தேன். தெரிஞ்சேதான் அவ கையைப் பிடிச்சுக்கிட்டேன். கையை விட்டா, உனக்கு இஷ்டமான்னு கேட்டுடுவேனோன்னு பயமா இருந்துச்சு" என்றாள். உன்னிடம் வந்து பேசட்டுமா என்று கேட்டாள். வியாழக்கிழமை முடிகிறவரை வேண்டாம் என்று நான்தான் தடுத்தேன். அவள் வந்தால் நீ அவளைத் தேற்ற ஆரம்பித்துவிடுவாய், அதற்குப் பிறகு உன் மனசு உனக்கே கேட்காது.

அதனால் இப்போது நிலவரம் இதுதான். நீ முடியாது என்று சொன்னால் அந்த வீட்டில் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். கோபமும் உன் மேல் இருக்காது, அதை நான் ஏற்கெனவே வாங்கி வைத்துக்கொண்டுவிட்டேன். ஒருவேளை உனக்கு உண்மையிலேயே இஷ்டம் இருக்கலாம். இருக்க முடியாது என்று நான் எப்படிச் சொல்வது? நித்யா பிள்ளையை இழந்த அன்று அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தவள் நீ. இப்போது நான் பயத்தில் உன்னை வேண்டாம் பக்கம் தள்ளினால், அதுவும் நான் தோளில் போட்டுவிடுகிற இன்னொரு புடவைதான். இஷ்டம் என்றால் முதலில் அந்த ஃபைலை டாக்டர் முன்னால் வை. மங்கலாகத் தெரிந்ததைச் சொல், நான் மோர் குடிக்கச் சொன்னதையும் சொல். மாப்பிள்ளையிடம் தனியாகப் பேசு. அவர் அன்றைக்குத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது சம்மதத்தால் இல்லை என்று நினைக்கிறேன், மாமனார் வீட்டில் எப்படி வாயைத் திறப்பது என்று இருந்திருப்பார். ஃபைலையும் இந்தக் கடிதத்தையும் இன்று மத்தியானம் அவர் வேலை பார்க்கும் பஸ் டிப்போ வாசலில் அவர் கையில்தான் கொடுக்கப்போகிறேன். அவரையும் கேட்காமல் விட்டதற்கு மன்னிப்பு அங்கேயே கேட்டுக்கொள்கிறேன்.

நாளைக்கு நான் வரமாட்டேன். ஆஸ்பத்திரி வாசல் டீக்கடையிலும் நிற்க மாட்டேன். அப்படி ஒரு யோசனை இருந்தது, உன் அம்மா கண்டுபிடித்துத் திட்டிவிட்டாள். நீ வெளியே வந்ததும் எனக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்றும் கிடையாது, என்றைக்காவது தோன்றும்போது சொல், சொல்லாமலும் இரு.

கடைசியாக ஒன்று, இதையும் மறைத்தால் மறுபடி பொய்யாகிவிடும். இத்தனை எழுதிய பிறகும், எனக்கு அந்தப் பேரப்பிள்ளை வேண்டும் என்றுதான் இருக்கிறது. முரளியின் வீட்டில் ஒரு தொட்டில் ஆடுவதைப் பார்க்க வேண்டும் என்று, ஃபைலை உறையில் போட்டு ஒட்டும்போதுகூட ஒரு ஓரத்தில் ஆசை இருந்தது. அது நாளைக்கும் இருக்கும், நீ என்ன சொன்னாலும் இருக்கும். அது என்னுடையது, பவானி. அதை நான் வைத்துக்கொள்கிறேன். நீ அந்த அறைக்குள் போகும்போது அதை எடுத்துக்கொண்டு போகாதே.